பழைய பாக்கி



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று மக்தபில் ஓதும் பிள்ளைகளிடம் கேட்டால், தொழுகை என்பார்கள், நோன்பு என்பார்கள், மறுமை என்று ஒரு பிள்ளை சொல்லும். அது கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்றதும் வியப்போடு பார்ப்பார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதுவதில் சலிப்புக் கூடாது, தவணையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று அது விரித்துச் சொல்கிறது. வாங்கியவரால் சொல்லி எழுதுவிக்க இயலாத நிலை இருந்தால் யார் சொல்ல வேண்டும் என்பதுகூட அதில் உண்டு. பதினைந்து ஆண்டுகளாக இந்த வசனத்தைப் பாடம் நடத்திவருகிறேன். அதன் நுணுக்கம் ஒரு வணிகக் கணக்கு மென்பொருளின் முன்னால் அமர்ந்திருந்தபோதுதான் எனக்கு முழுமையாகப் புலப்பட்டது.

ஆலிமுக்கும் கணினிக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தொடர்பு ஃபராயிள் வழியாக வந்தது. எங்கள் திருப்புட்குழிக்கு அருகே சிமெண்டு, கம்பி, பெயிண்ட் விற்கும் கடை ஒன்றை நெடுங்காலம் நடத்திவந்த பெரியவர் ஒருவர் சென்ற ஆண்டு வஃபாத்தானார். மனைவியும் இரு மகன்களும் ஒரு மகளும் வாரிசுகள். பாகப்பிரிவினை செய்து தருமாறு என்னை அழைத்தார்கள். பங்கீடு எளிது. மொத்தத்தை நாற்பது கூறாக்கினால் மனைவிக்கு எட்டில் ஒன்றாக ஐந்து, மகன்கள் இருவருக்கும் பதினான்கு பதினான்கு, மகளுக்கு ஏழு. ஐந்து நிமிட வேலை.

ஆனால் எதன் நாற்பது கூறு? சட்டம் வரிசையைத் தெளிவாக வைத்திருக்கிறது. மையித்தின் அடக்கச் செலவு முதலில், அடுத்து அவர் கொடுக்க வேண்டிய கடன், அதன்பின் மூன்றில் ஒன்றுக்கு மிகாத வஸிய்யத், எஞ்சியதுதான் வாரிசுகளுக்கு. கடன் தீராமல் பாகம் பிரித்தால், பிறர் பொருளைப் பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்டதாகிவிடும். மூன்று தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழவைக்க நபிகள் நாயகம் (ஸல்) முன்வராமல் தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னதும், அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்ததும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. எனவே, "அத்தா யார் யாருக்குக் கொடுக்கணும், அந்தப் பட்டியலை எடுங்க" என்றேன்.

இளைய மகன்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறார். "எல்லாம் டேலியில் இருக்கு ஹஜ்ரத். இன்னும் நாலு நாள் பொறுங்க. பழைய வெர்ஷனை எடுத்துட்டுப் புதுசு போடப்போறோம். போட்டதும் பளிச்சுன்னு எடுத்துத் தர்றேன்" என்றார். ஆடிட்டர் அலுவலகத்தில் நெருக்கிக்கொண்டிருந்தார்களாம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். நம் நாட்டின் சிறு கடைகளில் டேலி பரவிய வரலாறே பதிப்புகளின் வரலாறுதான். பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவின் வணிகத் தேவைக்காக அவர் மகன் பாரத் கோயங்கா எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. நிறுவனம் 1986இல் தொடங்கியது. 2005இல் 7.2 பதிப்பு, 2009இல் ஈஆர்பி 9, 2020 நவம்பரில் டேலி பிரைம் என்று அது நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வரிச் சட்டமோ, கணினியின் மாற்றமோ கடைக்காரரை அடுத்த படிக்குத் தள்ளியது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் வாட் வரி. நாடு முழுவதும் 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. இப்போது ஈஆர்பி 9இல் நின்றுவிட்டவர்கள் ஜிஎஸ்டி அறிக்கைகளுக்காகவும் இணைய வழி வசதிகளுக்காகவும் பிரைமுக்கு வரவேண்டியிருக்கிறது.

இதில் ஒரு விவரம் பலருக்குத் தெரியாது. பிரைமின் தொடக்க வெளியீடுகள் ஈஆர்பி 9இன் தரவை அப்படியே திறந்தன. 2023இல் வந்த 3.0 வெளியீட்டிலிருந்து தரவின் வடிவமே மாறிவிட்டது. முதன்முறை திறக்கும்போது பழைய தரவைப் புதிய வடிவுக்கு மாற்றித்தான் திறக்கும். மாறிய தரவைப் பழைய பதிப்பு மறுபடியும் திறக்காது. ஆற்றைக் கடந்தபின் ஓடம் திரும்பி வராது என்பது போன்ற பயணம் இது. எனவே, கடப்பதற்கு முன் அக்கரைக்கு எதை எடுத்துச் செல்கிறோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மென்பொருளே மாற்றத்துக்கு முன் பேக்கப் எடுக்கச் சொல்லிக் கேட்கிறது. கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் வாசிக்காமலே 'ஆம்' என்று தட்டிப் பழகியவர்கள் நாம்.

"நாலு நாள் வேண்டாம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டியல் முதலில், மாற்றம் பிறகு" என்று மகனிடம் கேட்டுக்கொண்டேன். அவர் முகம் சுருங்கியது. "புதுசு போட்டா எல்லாம் தானா வந்துடும்னு சொல்றாங்களே ஹஜ்ரத்" என்றார். எல்லாம் என்றால் எவையெவை என்று சொல்லுங்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "உட்காருங்க, டீ சொல்றேன்" என்றார். அன்று தொடங்கிய வேலை இரண்டு வாரம் நீண்டது.

இந்த இடத்தில் இஸ்லாமிய வரலாற்றின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். உமையா ஆட்சியில் கலீஃபா அப்துல் மலிக்கின் காலம் வரை இராக்கின் வரிக் கணக்குகள் பாரசீக மொழியிலும், ஷாம் நாட்டின் கணக்குகள் கிரேக்கத்திலும் எழுதப்பட்டு வந்தன. அவற்றை அரபுக்கு மாற்றியது அக்காலத்தின் மாபெரும் பதிப்பு மாற்றம். இராக்கில் ஹஜ்ஜாஜின் கீழ் அந்த வேலையைச் செய்தவர் ஸாலிஹ் இப்னு அப்துர் ரஹ்மான். பலாதுரீ தம் ஃபுதூஹுல் புல்தான் நூலில் இதை எழுதியிருக்கிறார். ஸாலிஹ் முதலில் முழுக் கணக்கையும் தொடவில்லை. தலைமைக் கணக்கராயிருந்த பாரசீகர் கேட்டபடி ஒரு சிறு பகுதியை மட்டும் மாற்றிக் காட்டினார். பின்னர் முழு மாற்றத்துக்கு ஆணை வந்தபோது, அந்தத் தலைமைக் கணக்கரின் மகன் ஸாலிஹிடம் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. கணக்கில் வரும் பின்னங்களைக் குறிக்கும் பாரசீகச் சொற்களை அரபியில் எப்படி எழுதப்போகிறாய் என்று கேட்டார். ஸாலிஹிடம் விடை இருந்தது. முடியவில்லை என்று சொல்லிவிடுமாறு அவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் தருவதாகச் சிலர் ஆசை காட்டியதும், அவர் மறுத்ததும் அதே நூலில் உண்டு.

அந்த மகன் பகைமையோடு கேட்டிருக்கலாம். ஆனால் கேள்வி சரியான கேள்வி. பெருந்தொகைகள் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். வழியில் தொலைவது பின்னங்கள்தாம்.

கடையில் செய்ததைச் சொல்கிறேன். பிற கடைக்காரர்களுக்குப் பயன்படும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், தரவு உண்மையில் எங்கே இருக்கிறது என்று தேடினோம். டேலியில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் எண்ணால் பெயரிட்ட ஒரு கோப்புறையில் தங்கும். இந்தக் கடையின் கணினியில் அப்படிப்பட்ட கோப்புறைகள் மூன்று இடங்களில் இருந்தன. மூன்றும் ஒரே கடையின் பெயரைக் காட்டின. கடைசி வவுச்சரின் தேதி மட்டும் வேறுபட்டது. எது உயிருள்ள கணக்கு, எவை என்றோ எடுத்த நகல்கள் என்று தேதியைப் பார்த்துத்தான் கண்டுகொண்டோம். பெயரை மட்டும் பார்த்துப் பழைய நகலைப் புதிய பதிப்பில் ஏற்றியிருந்தால், ஓராண்டுக் கணக்கு சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

அடுத்து நகல். உயிருள்ள தரவை இரண்டு இடங்களில் எடுத்து வைத்தோம்: ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், அது வீட்டுக்குப் போயிற்று, மற்றொன்று பென் டிரைவில், அது கடை அலமாரிக்குள். எடுத்ததோடு விடாமல், வேறொரு கணினியில் ஒரு வெற்றுக் கோப்புறைக்குள் அதை மீட்டுத் திறந்து பார்த்தோம். இந்த இரண்டாம் படியைத்தான் ஏறத்தாழ அனைவரும் தவிர்க்கிறார்கள். திறந்து பார்க்காத நகலை நம்பி இருப்பது, ஓதிக் கேட்காத பாடத்தைப் பிள்ளைக்கு மனனமாகிவிட்டது என்று நம்புவது போன்றதுதான். ஹிஃப்ழு வகுப்பில் நேற்றைய பாடத்தை ஒப்பிக்காமல் இன்றைய பாடம் கொடுப்பதில்லை. வெற்றுக் கோப்புறை என்று சொன்னதற்கும் காரணம் உண்டு: இருக்கும் தரவின் மேலேயே மீட்டால் பழையது புதியதை அழித்துவிடும்.

மூன்றாவதாகக் கடவுச்சொற்கள். பெரியவர் சில ஆண்டுகளுக்கு முன் டேலி வால்ட் என்ற பூட்டைப் போட்டிருந்தார். அந்தச் சொல்லை மறந்தால் நிறுவனத்தாரிடம் கேட்டும் பயனில்லை. தரவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடுவதால் திறக்க வேறு வழியில்லை. அல்லாஹ்வின் அருள், மகனுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. எத்தனை கடைகளில் அது ஒரே ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கிறது! வஸிய்யத் எழுதுங்கள் என்று ஜும்ஆ பயானில் சொல்லும்போது, இனி இதையும் சேர்த்துச் சொல்வதாக இருக்கிறேன். உறையில் எழுதி ஒட்டி, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

பிறகு பழைய பதிப்பிலிருந்தே அறிக்கைகளை எடுத்து அச்சிட்டோம். இருப்பாய்வு, ஐந்தொகை, சரக்கிருப்பு, வரவேண்டிய பில்கள், கொடுக்கவேண்டிய பில்கள், தாக்கல் செய்த ஜிஎஸ்டி அறிக்கைகள் ஆகியவை. இவற்றோடு 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று டேலியில் ஓர் அறிக்கை உண்டு. எத்தனை வவுச்சர்கள், எத்தனை பேரேடுகள் இருக்கின்றன என்று எண்ணிக்கை மட்டும் காட்டும். யாரும் சீண்டாத அறிக்கை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அந்த எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

காலத்தையும் தேர்ந்துகொண்டோம். மாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி என்று இருக்க, 19ஆம் தேதி இரவு பதிப்பு மாற்றுவது அறிவுடைமை ஆகாது. 3பி தாக்கலான பின் வந்த ஞாயிறன்று, கடை மூடியிருந்தபோது, தரவின் நகல் ஒன்றை எடுத்து, புதிய பதிப்பைத் தனிக் கோப்புறையில் நிறுவி, அந்த நகலை மட்டும் மாற்றிப் பார்த்தோம். பழைய பதிப்பு தன் இடத்தில் தொடப்படாமல் இருந்தது. பில்லின் தலைப்பில் 786 என்று அச்சாகும்படி யாரோ எழுதிக்கொடுத்திருந்த சிறு நிரல், புதிய பதிப்பில் ஓடவில்லை. மகன் வருந்தினார். பில்லில் 786 அச்சிடுவது பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அது இன்னொரு கட்டுரைக்கு உரியது. ஆனால் இத்தகைய தனி நிரல்கள் வைத்திருப்போர், அவற்றை எழுதியவரிடம் புதிய பதிப்புக்கு ஒத்துவருமா என்று முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உரிமம் பற்றியும் பேசியாக வேண்டும். இந்தக் கடையில் முறையான உரிமம் இருந்தது. ஆண்டுச் சந்தாவைப் புதுப்பித்ததும் புதிய பதிப்பு கிடைத்துவிட்டது. நம்மவர் கடைகள் பலவற்றில் 'கிராக்' செய்த பதிப்பு ஓடுகிறது என்பதை நாம் அறிவோம். ஹலாலான பண்டத்தை நியாயமான எடையில் விற்றுவிட்டு, அதன் கணக்கைத் திருடிய மென்பொருளில் எழுதுவது எப்படிப் பொருந்தும்? நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் மீதான உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்படுபவை, அவற்றில் அத்துமீறுவது கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1988இல் குவைத்தில் கூடித் தீர்மானித்திருக்கிறது. மார்க்கத்தை ஒருபுறம் வைத்தாலும், கிராக் பதிப்புக்கு முறையான மேம்பாடு கிடையாது; அதை உடைத்தவர் உள்ளே வேறு எதை வைத்திருக்கிறார் என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது.

மாற்றம் முடிந்தது. வவுச்சர் எண்ணிக்கை ஒத்தது. இருப்பாய்வின் இரு பக்கமும் ஒத்தன. மகன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நான் கொடுக்கவேண்டிய பில்களின் பட்டியலை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். சிமெண்டு முகவர், பெயிண்ட் நிறுவனம், கம்பி மொத்த வியாபாரி என்று எல்லாம் சரி. வரவேண்டியவர்களின் பட்டியலில் மட்டும் ஒரு பேரேடு கண்ணில் பட்டது. 'பழைய பாக்கி' என்று பெயர். தொகை 1,86,400 ரூபாய் பற்று. தேதி 2017 ஜூலை 1. யாருடைய பாக்கி என்று அதில் இல்லை. பழைய பதிப்பின் அச்சில் பார்த்தால் அங்கும் அப்படியேதான் இருந்தது. அதாவது, இந்த முறை மென்பொருள் எதையும் தொலைக்கவில்லை. தொலைந்தது அதற்கு முந்தைய மாற்றத்தில்.

2017 ஜூலையை நினைத்துப்பாருங்கள். ஜிஎஸ்டி வந்தபோது ஒவ்வொரு கடையும் பதறிக்கொண்டிருந்தது. இந்தக் கடையில் அதுவரை டேலி 7.2. அதில் ஜிஎஸ்டி இல்லை. தரவை முறையாக மாற்ற அப்போதும் வழி இருந்தது. ஆனால் கணக்கு எழுதிக்கொடுத்தவர் புதிய பதிப்பில் புதிய நிறுவனத்தைத் திறந்து, தொடக்க இருப்புகளை மட்டும் கையால் பதிந்திருக்கிறார். பெரிய பெயர்களைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார். ஊர்க்காரர்களின் சில்லறைக் கணக்குகளை எல்லாம் கூட்டிக் கழித்து ஒற்றை வரியாக்கி, பழைய பாக்கி என்று பெயரிட்டு முடித்துவிட்டார். அவரை நான் குற்றவாளியாக்க விரும்பவில்லை. அந்த வாரத்தில் அவருக்கு எத்தனை கடைகளோ.

கூட்டிக் கழித்து என்றேன் அல்லவா? அதுதான் எனக்கு உறுத்தியது. 1,86,400 என்பது நிகரத் தொகையாக இருந்தால், அதற்குள் கழிக்கப்பட்ட பக்கம் ஒன்று இருக்கும். கழிக்கப்பட்டது, பெரியவர் பிறருக்குக் கொடுக்கவேண்டியது. அவர் மீதுள்ள கடன், வரவின் வேடத்தில் ஒளிந்திருக்கிறது!

"பழைய கம்ப்யூட்டர் எங்கே?" என்று கேட்டேன். போன மாதம் பழைய இரும்புக்காரரிடம் போட எடுத்து வைத்ததாகவும், அம்மா தடுத்துவிட்டதாகவும் மகன் சொன்னார். வீட்டுக்குப் போனோம். திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மா, "அவங்க முதமுதல்ல வாங்கினது ஹஜ்ரத், தூக்கிப் போட மனசு வரல" என்றார். பழைய சேலையில் சுற்றிப் பரணில் இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. அதை இணையத்தில் இணைக்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தோம். 2014க்குப் பிறகு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. மூன்றாம் முயற்சியில் உயிர்பெற்றது. முதல் வேலையாகத் தரவை ஒரு புதிய பென் டிரைவில் நகலெடுத்தோம். அந்த டிரைவை வைரஸ் சோதனை செய்யாமல் கடைக் கணினியில் சொருகவில்லை. பிறகு 7.2ஐத் திறந்தோம்.

2,49,400 ரூபாய் வரவேண்டியது. 63,000 ரூபாய் கொடுக்கவேண்டியது. கழித்தால் 1,86,400. கணக்கு எழுதியவர் கூட்டலில் பிழை செய்யவில்லை.

கொடுக்கவேண்டியதில் பதினொரு பெயர்கள். மேஸ்திரிகள், விவசாயிகள், வீடு கட்டத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியவர்கள். பொருளுக்கு முன்பணம் கொடுத்து முழுப் பொருளையும் எடுக்காதவர்கள் பெரும்பாலோர். ஒருவர் தம் மகள் திருமணத்துக்கென்று பெரியவரிடம் 20,000 ரூபாயை அமானத்தாகவே கொடுத்து வைத்திருக்கிறார். குறிப்பு வரியில் அப்படியே எழுதியிருந்தது. பதினொருவரில் முஸ்லிம்கள் இருவர்தாம். அச்சு இயந்திரம் இல்லாததால் திரையைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டேன். ஊர், தேதி, தொகை, குறிப்பு. எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்வது மிகையாகாது. ஒரு மனிதரின் கப்ருக்குள்ளான நிம்மதி அந்தப் பதினொரு வரிகளில் இருந்தது.

நான் சொல்ல வந்தது இதுதான். கணக்கு மாறும்போது மொத்தம் ஒத்துவருகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். ஆடிட்டரும் அதைத்தான் பார்ப்பார். வரித்துறைக்கும் அது போதும். ஆனால் ஹுகூகுல் இபாத் எனும் அடியார்களின் உரிமை மொத்தத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. எந்தப் பெயருக்கு, எந்தத் தேதியில், எந்த பில்லுக்கு, எவ்வளவு என்பது புதிய பதிப்பிலும் தனித்தனியாக நிற்க வேண்டும். டேலியில் பேரேட்டைப் பில்வாரியாக வைக்கும் வசதியும், கடன் தவணை நாளைப் பதியும் இடமும் உண்டு. தவணையோடு எழுதச் சொல்லும் அந்த நீண்ட வசனத்துக்கு இவ்வளவு பொருத்தமான இடம் கையில் இருக்க, பல கடைகளில் அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள், வேலை கூடுகிறது என்று.

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகப் பாடநூல்களில் படிக்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று அவை விதிக்கின்றன. உறவினரையும் ஏன் சேர்த்தார்கள் என்று முன்பு எனக்கு விளங்கியதில்லை. தந்தையின் கணக்கு மகனின் கையில் எப்படி வந்து சேர்கிறது என்று அந்த இரண்டு வாரங்களில் பார்த்தபின், அந்த ஊர்ச் சபையார் மனித இயல்பை நன்கறிந்தவர்கள் என்று தோன்றுகிறது.

ஜகாத் கொடுப்போருக்கு ஒரு குறிப்பு. மென்பொருள் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடுகிறது. ஜகாத் சந்திர ஆண்டில் ஓடுகிறது. இரண்டுக்கும் ஏறத்தாழ 11 நாள் வித்தியாசம். மார்ச் 31ஐயே ஜகாத் நாளாக வைத்துக்கொள்வோர் இரண்டரைக்குப் பதில் 2.577 விழுக்காடு கொடுக்கும்படி ஆலிம்கள் சொல்வது அதனால்தான். பதிப்பு மாற்றும்போது உங்கள் ஜகாத் நாளன்றைய சரக்கிருப்பையும் பழைய பதிப்பிலிருந்து அச்சிட்டுக்கொள்ளுங்கள். சரக்கை மதிப்பிடும் முறை சராசரி விலையா வேறா என்பதைப் புதிய பதிப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜகாத்துக்கு அன்றைய சந்தை மதிப்புத் தேவை. மென்பொருள் காட்டுவது பெரும்பாலும் வாங்கிய விலையின் கணக்கு. எண்ணிக்கையை அதிலிருந்து எடுத்து, விலையை நீங்கள் போட வேண்டும்.

பதினொருவரில் ஏழு பேர் சுற்றுவட்டாரத்திலேயே இருந்தார்கள். மகன் நேரில் போய்க் கொடுத்தார். ஒரு விவசாயி வாங்க மறுத்தார். பெரியவர் தமக்குச் செய்த உதவிகளைச் சொல்லிக் கண்கலங்கினாராம். மன்னிப்பதாக இருந்தால் வாரிசுகள் கேட்க வாயால் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன், அவர் சொல்லிவிட்டார். மூவர் இறந்துபோயிருந்தார்கள், அவர்களின் பிள்ளைகளிடம் தொகை சேர்ந்தது. அமானத்து வைத்தவர் அந்த மூவரில் ஒருவர். மகளுக்குத் திருமணமாகிப் பேரப்பிள்ளை பள்ளிக்குப் போகிறது. அப்படி ஒரு பணம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

வரவேண்டிய 2,49,400இல் பெரும்பகுதியை இனி கேட்பதற்கில்லை. ஏழைகள் பலர். வாரிசுகள் நால்வரும் தம் தம் பங்கிலிருந்து விட்டுக்கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். வெளிநாட்டிலிருக்கும் மூத்தவர் தொலைபேசியில் முதலில் தயங்கிப் பிறகு சம்மதித்தார். அதன் பின்பே நாற்பது கூறு போட்டேன்.

இப்போது கடை புதிய பதிப்பில் ஓடுகிறது. 'பழைய பாக்கி' என்ற பேரேட்டை மகன் உடைத்து, ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பேரேடு திறந்து, கொடுத்ததையும் விட்டுக்கொடுத்ததையும் வவுச்சரில் பதிந்துவிட்டார். ஈஆர்பி 9 இருந்த தரவு தொடப்படாமல் இரு நகல்களாக இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகும் அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். எக்ஸ்பி கணினி சேலையோடு மறுபடியும் பரணுக்குப் போயிற்று.

பதினோராமவர் ஒரு மேஸ்திரி. வேலைக்காக வந்து சில ஆண்டுகள் இங்கே தங்கியவர். பெயரும் 4,500 ரூபாயும் மட்டுமே கணக்கில் இருக்கின்றன, ஊர் இல்லை. உரியவரைத் தேடுவதில் முழு முயற்சியும் தீர்ந்தால் அவர் பெயரால் தருமம் செய்யலாம், பின்னர் அவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். முயற்சி இன்னும் தீரவில்லை. அவரோடு வேலை செய்த சித்தாள் ஒருவர் ஆற்காட்டுப் பக்கம் இருப்பதாக மகன் கேள்விப்பட்டிருக்கிறார். புதிய பதிப்பின் கொடுக்கவேண்டிய பட்டியலில் மேஸ்திரியின் பெயர் தனி வரியாக நிற்கிறது.

வஸ்ஸலாம்.